வாழும் ஊரின் திருவிழா

தமிழகத்தின் வட எல்லையைக் கடந்தவுடன் எதிர்ப்படும் ஆந்திர ஊர் தடா. அதன் ஒருபுறம் பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. மறுபுறம் ஸ்ரீசிட்டித் தொழில் நகரம் விளங்குகிறது. தெலுங்கும் தமிழும் இவ்வூர்க் கடைத்தெருவில் கலந்து ஒலிக்கின்றன. ஸ்ரீசிட்டியில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இயங்குவதால், ஜப்பானியரும் இப்பகுதியில் பணிபுரிகின்றனர். பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் மற்றொன்று என்னும் நிலையில் உள்ள இவர்கள் அனைவர்முன்னும் ஒரு வினா நிற்கிறது. வாழும் ஊரின் திருவிழா இவர்களுக்கு வெறும் வேடிக்கைதானா? அதில் இவர்களுக்கும் பங்கு உண்டா?

பங்கு உண்டு என்பதே தக்க விடை. எனினும், அப்பங்கு குடியேறியவுடன் தானே வந்து சேர்வதில்லை. விழாவின் காரணத்தைக் கேட்டறிபவரே அதனைப் பெறுகின்றனர்.

தடா இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரான திருப்பதியில், கோடை வெயில் கடுமையாகும் மே மாதத்தில் கங்கையம்மன் ஜாத்திரை ஒரு வாரம் நடைபெறுகிறது. ஆடவர் பலர் சேலை உடுத்தி, பூச்சூடி, வளையல் அணிந்து வீதியில் வருவர். காரணம் அறியாதவர் இதைக் கண்டு நகைக்கவும் கூடும். ஆனால், அவ்வூர் மக்கள் கூறும் கதை வேறு பொருளை உணர்த்துகிறது. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவன் அம்மனுக்கு அஞ்சி ஒளிந்துகொண்டான். அம்மன் நாளுக்கொரு வேடம் புனைந்து அவனைத் தேடி அழித்தாள். அவ்வேடங்களே விழாவில் மீண்டும் புனையப்படுகின்றன. ஆடவர் பெண்ணுடை அணிவது அம்மனுக்குச் செலுத்தும் நேர்த்திக்கடன் ஆகும். கோடைக்கால நோய்களிலிருந்து காக்குமாறும் மக்கள் அவளை வேண்டுகின்றனர். இதனை அறிந்த தமிழ்ச் சிறுவனுக்குத் தன் பாட்டி ஊரின் மாரியம்மனும் வேப்பிலையும் கூழும் நினைவுக்கு வரும். அயலூர் விழா அக்கணமே உறவினர் வீட்டு விழாவாகிவிடும்.

ஜப்பானில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கியோட்டோ நகரில் ஜூலை மாதம் நிகழும் கியோன் விழாவில் உயர்ந்த தேர்கள் வீதியுலா வருகின்றன. கி.பி. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, அது நீங்க வேண்டி நடத்திய வழிபாட்டிலிருந்து தோன்றிய விழா அது. கோடையில் நோய்க்கு அஞ்சிய மக்கள் தெய்வத்தை வீதிக்கு அழைத்தனர் என்பதைத் திருப்பதியை அறிந்தவர் எளிதில் உணர்வர். அத்தேர்களை அணிசெய்யும் பழைய துணிகளுள் இந்தியாவில் நெய்த கம்பளங்களும் உள்ளன. அயல்நாட்டுப் பொருளுக்குத் தேரிலேயே இடம் தந்த விழாவில் அயல்நாட்டு மனிதருக்கு இடம் இல்லாமல் போகுமா?

பிறர் விழாவில் கலந்துகொண்டால் பிள்ளைகள் தம் மரபை மறந்துவிடுவர் என்று சில பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. வீட்டில் பொங்கலும் ஆடிப்பெருக்கும் நிகழாவிடின், மறதி உறுதியாக வந்து சேரும். ஆனால், அம்மறதிக்குக் காரணம் அண்டை வீட்டாரின் விழா அன்று. சொந்த வீட்டின் சோர்வே ஆகும். தன் விழாவின் பொருளை அறிந்த பிள்ளையே பிறர் விழாவின் பொருளையும் வினவும்.

பங்கேற்பதற்கு ஒழுங்கும் வேண்டும். கியோன் பகுதியின் குறுகிய தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழைவதற்கு 2024இல் தடை விதிக்கப்பட்டது. படம் எடுப்பதற்காகக் கலைமங்கையரைப் பின்தொடர்ந்து சிலர் தொல்லை தந்ததே அதற்குக் காரணம். நேர்த்திக்கடன் செலுத்துபவரின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவதும் அத்தகைய தவறே. முதலில் இசைவு கேட்டல் வேண்டும். மறுத்தால் விலகுதல் வேண்டும்.

சுற்றுலாப் பயணி விழா முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார். அங்கு வாழ்பவரோ மறுநாள் காலையில் அதே தெருவில் அதே மனிதரைக் காண்பார். அப்போது இருவரும் பேசிக்கொள்வதற்கு முந்தைய நாளின் விழா ஒரு பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும். அண்டை அயலாரின் மொழியில் "இவ்விழா ஏன்?" என்று கேட்கக் கற்கும் பிள்ளை, அச்சொத்தில் தன் பங்கைப் பெற்றுவிடுகிறது.