தாடை காத்திருக்கலாம், பேச்சு காத்திருக்காது

“முகம் வளரட்டும், அண்ணப் பிளவை ஐந்து வயதுக்கு மேல் தைக்கலாம், பேச்சு தானாக வந்துவிடும்.” செஞ்சி வட்டாரத்தின் மேல்சித்தாமூர்ப் பக்கத்துப் பெற்றோரிடம் இப்படிச் சொல்வது பெருந்தவறு.

முக வளர்ச்சி கெடும் என்ற அச்சத்தில் பாதி உண்மை உண்டு. அண்ணத்தில் சீக்கிரம் கத்தி பட்டால், தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியை இழுத்துப் பிடிக்கலாம். ஜெர்மனியின் மார்பர்க்கில் அறுவை மருத்துவர் ஷ்வெக்கெண்டீக் இதற்காகவே மென்னண்ணத்தை முதலில் தைத்து, வன்னண்ணத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டார். 1984இல் வெளியான மதிப்பீட்டில் முகம் நன்றாகவே வளர்ந்திருந்தது, பேச்சு மோசம்.

உள்வாங்கிய தாடையைப் பின்னாளில் அறுவையால் முன்னே கொண்டுவரலாம். பேச்சுப் பழக்கம் அப்படியா? அண்ணம் திறந்திருந்தால் ப, த, க ஒலிகளுக்கான காற்று வாயில் தேங்காமல் மூக்கு வழியே போய்விடும். பிள்ளை “அப்பா” என்கிறது. நமக்கு “அம்மா” என்று கேட்கிறது. “பப்பா” சொல்லும்போது மூக்கடியில் சிறு கண்ணாடியைப் பிடித்தால் ஆவி படிகிறது. நாளடைவில் பிள்ளை தொண்டையிலேயே ஒலியை வெட்டப் பழகிவிடும். அண்ணத்தைத் தைத்தாலும் அந்தப் பழக்கம் தானாகப் போகாது.

அண்ணப் பிளவு மட்டுமுள்ள 558 குழந்தைகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, ஆறாம் மாதத்தில் தைப்பதையும் பன்னிரண்டாம் மாதத்தில் தைப்பதையும்தான் ஒப்பிட்டது. ஐந்து வயதில் மூக்குவழி சரியாக மூடாத குறை முறையே 8.9%, 15%. ஐந்து வயதில் தைக்கலாமா என்பது அங்கே பேச்சே இல்லை.

தைத்த பிறகும் பயிற்சி வேண்டும். அண்டை திருவண்ணாமலை மாவட்டத்தில் போரூர் ராமச்சந்திரா நிறுவனம் உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கிக் கிராமங்களிலேயே பேச்சுப் பயிற்சி கொடுத்தது. செஞ்சி வட்டாரத்துக்கு நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.