கோல்பேயின் காட்டில் மனிதர்கள்

காட்டுப் படத்தில் மனிதர் சின்னதாகத் தெரிந்தால் போதும், "இயற்கை முன்னால் மனிதன் தூசு" என்று விளக்கம் சொல்லிவிடுகிறோம். எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது என்பது என் கருத்து.

சில படங்களுக்குப் பொருந்தும். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹ் 1814இல் காட்சிக்கு வைத்த வண்ண ஓவியம் ஒன்றில், பிரெஞ்சுப் படைவீரன் ஒருவன் ஊசியிலைக் காட்டின் முன் தனியாக நிற்கிறான். அவன் மீண்டு வரமாட்டான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அதே காலத்து கார்ல் வில்ஹெல்ம் கோல்பேயின் எட்சிங் படங்களைப் பாருங்கள். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுப்பது எட்சிங். கோல்பே நம்ம இனம்தான். டெஸ்ஸாவ் நகரப் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்த வாத்தியார். முப்பது வயதைத் தாண்டித்தான் முறையாக ஓவியம் படித்தார். ஓக் மரங்களை ஓயாமல் வரைந்ததால் 'ஓக் கோல்பே' என்றே பெயராகிவிட்டது.

அவர் படங்களில் எனக்குப் பிடித்தவை மரங்கள் அல்ல, செடிகள். குட்டையோரக் களைகளும் நாணலும் ஆளை மிஞ்சி வளர்ந்து நிற்கும். 1801 வாக்கில் செய்த 'நானும் ஆர்க்கேடியாவில் இருந்தேன்' படத்தில், அந்த இலைகளுக்கு நடுவே ஒரு கல்லறைப் பெட்டி. அதன் முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் ஒட்டி நிற்கிறார்கள். அவர்களிடம் பயம் இல்லை.

ஏன் இல்லை? மலையோ ஆயிரமாண்டு மரமோ பக்கத்தில் நின்றால் மனிதன் அற்பம்தான். ஆனால் இங்கே பக்கத்தில் நிற்பது சில பருவங்களில் வாடிவிடும் செடி. அதுவும் போகப்போகிறது, அவர்களும் போகப்போகிறார்கள். கோல்பே மனிதரைச் சிறுமைப்படுத்தவில்லை. நாம் மிதித்துப் போகும் களையை நம் உயரத்துக்குத் தூக்கிவிட்டார். வண்ணம் இல்லாத படம் வேறு. தோலுக்கும் இலைக்கும் ஒரே ஊசிக் கோடு.

"விறகு வெட்டிப் பிழைத்தவர்களை விட்டுவிட்டுக் கற்பனை ஜோடியை வரைந்தாரே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் குறை உண்டு.

ஆனாலும் இன்றைய நம் படங்களைப் பாருங்கள். ஒன்று, ஆளே இல்லாத 'தூய' காடு. இல்லையென்றால், காட்டையே மறைக்கும் செல்ஃபி முகம். இரண்டிலும் மனிதனுக்கும் செடிக்கும் உறவு இல்லை. கோல்பேயிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருபவர்கள் ஒருநாள் அவர்களைத் தரையில் உட்காரவைத்து, ஒரு களைச்செடியைக் கீழிருந்து பார்த்து வரையச் சொல்லுங்களேன்.