உலகம் சுற்றியவரும் மண்புழுவும்

தேச யாத்திரை போய் வந்தவர்கள் பலர் சொல்லும் ஒரு சங்கதி உண்டு. முதலில் போன ஊரில் எதைப் பார்த்தாலும் அதிசயமாயிருந்ததாம். பத்தாவது ஊரில் அவ்வளவாக இல்லையாம். இருபதாவது ஊரில் எப்போது வீடு போய்ச் சேருவோம் என்று ஆகிவிட்டதாம். சரி, வீட்டுக்கு வந்தாவது சந்தோஷமாயிருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. சொந்த ஊர் உப்புச் சப்பற்றுப் போய்விடுகிறது. ஒரு மலையைக் காட்டினால், "இதைவிடப் பெரிய மலையெல்லாம் பார்த்தாயிற்று" என்கிறார்கள். ஓர் ஆற்றைக் காட்டினால், "இதுவும் ஓர் ஆறா?" என்கிறார்கள். கைப்பணமும் செலவாகி, அதிசயப்படும் சக்தியும் செலவாகி வந்து நிற்கும் இந்தப் பரிதாபத்திற்குக் காரணம் என்ன?

இதற்குச் சாதாரணமாக இரண்டு சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. வயது ஏறினால் அப்படித்தான் என்பது ஒன்று. அறிவு ஏறினால் அப்படித்தான் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது சமாதானத்தைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில், "காரணம் கேட்காதே, கேட்டால் உலகம் வறண்டு போகும்" என்று காலங்காலமாய்ச் சொல்லி, பாமர மக்களின் ஆச்சரியத்தையே முதலாக வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது மிகவும் அனுகூலமான சமாதானம். அறிவு வழி நடக்கிறவனுக்கு நிலவும் பூவும் ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று அவர்கள் பரிகாசம் செய்வதை நாம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

இதை வெறும் வாய்ப்பேச்சால் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு மனிதருடைய வாழ்க்கையையே சாட்சிக்கு அழைப்போம். அவர்தான் இங்கிலாந்து தேசத்து அறிஞர் சார்லஸ் டார்வின்.

டார்வின் 1809-ம் வருஷம் பிறந்தவர். 1831-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி, 22 வயதில், 'பீகிள்' என்ற கப்பலில் ஏறினார். 1836-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதிதான் திரும்பி இங்கிலாந்துக் கரையில் இறங்கினார். ஐந்து வருஷத்திற்குச் சற்றே குறைந்த இந்தக் காலத்தில் தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். கடலில் இருந்த நாளெல்லாம் வாந்தியும் மயக்கமும்தான். ஆனாலும் 1832-ம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் பிரேசில் தேசத்துப் பாஹியா துறைமுகத்தில் இறங்கி, உஷ்ண தேசத்துக் காட்டை முதன்முதலாகக் கண்டபோது, எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரியாமல் ஆனந்தத்தில் திக்குமுக்காடியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

இப்போது கவனியுங்கள். நாலரை வருஷம் கழித்து, 1836-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வீடு நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பலை அதன் தலைவர் பிட்ஸ்ராய், அளவு வேலை ஒன்றைச் சரிபார்ப்பதற்காக மறுபடியும் அதே பாஹியாவுக்குத் திருப்பினார். அதே துறைமுகம், அதே காடு, அதே மனிதர். ஆனால் இந்தத் தடவை அங்கிருந்து தம் சகோதரிக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருப்பது என்ன? கடல் என்றாலே வெறுப்பாயிருக்கிறது, அதில் ஓடும் கப்பல் என்றாலே வெறுப்பாயிருக்கிறது என்பதுதான். காட்டின் அழகை அவர் மறுக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை அதில் உலாவியும் வந்தார். ஆனால் மனம் முழுவதும் வீட்டில் இருந்தது. உலகத்தைச் சுற்றிய டார்வினுக்கே இப்படி என்றால், நாலு ஊர் சுற்றியவன் சலித்துப் போவதில் என்ன ஆச்சரியம்?

நிற்க, இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. 1835-ம் வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஏறக்குறைய ஐந்து வார காலம் அவர் காலபாகஸ் என்னும் தீவுக் கூட்டத்தில் இருந்தார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவுச் சரக்கு என்று சொல்லிவிடலாம் என்பதாக அங்கே அதிகாரம் செய்து வந்த உத்தியோகஸ்தர் ஒருவர் அவரிடம் சொன்னார். டார்வின் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளோ சமையலுக்குப் போய்ச் சேர்ந்தன! மற்றப் பறவைகளின் குரலைப் பாவனை செய்யும் ஒரு வகைப் பறவை தீவுக்குத் தீவு மாறியிருப்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் இன்று அவர் பெயராலேயே வழங்கப்படும் அந்தச் சிறு குருவிகளில் பலவற்றை, எது எந்தத் தீவில் பிடித்தது என்று குறிக்காமலே மூட்டை கட்டிக்கொண்டு போனார்.

இவற்றின் அதிசயம் எங்கே வெளியாயிற்று? நடுக்கடல் தீவிலா? இல்லை. 1837-ம் வருஷத் தொடக்கத்தில், லண்டன் நகரத்தில், செத்துப் பதப்படுத்தப்பட்ட பறவைகளை மேஜைமேல் பரப்பி ஜான் கூல்ட் என்ற பறவை நிபுணர் சோதித்தபோது வெளியாயிற்று. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று டார்வின் எண்ணியிருந்த பறவைகள் ஒரே குடும்பத்தின் பல இனங்கள் என்று அவர் சொன்னார். அப்போதுதான் "ஏன்?" என்ற கேள்வி டார்வினைப் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் ஜூலை மாதத்தில் உயிரினங்கள் மாறுவதைப் பற்றித் தனியாக ஒரு குறிப்புப் புத்தகமே தொடங்கிவிட்டார். அந்தத் தீவில் ஐந்து வாரம் கண்ணால் பார்த்தும் பிடிபடாத அதிசயம், கேள்வி பிறந்த பிறகு செத்த குருவியிலிருந்தும் கிளம்பிற்று.

இதிலிருந்து நமக்கு விளங்குவது என்ன? ஆச்சரியத்தில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று, புதிதாய் இருப்பதைக் கண்டு வாயைப் பிளப்பது. இது குழந்தைக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. புதுமை தீர்ந்தால் இதுவும் தீர்ந்துபோகும். மறுபடியும் வேண்டுமென்றால் இன்னும் பெரிய மலை, இன்னும் தூரதேசம், இன்னும் அதிகப் பணம் என்று போய்க்கொண்டேயிருக்க வேண்டும். குடிகாரனுக்கு நாளுக்கு நாள் அளவு ஏறுவதைப் போல. மற்றொன்று, ஏன், எப்படி, எவ்வளவு என்று கேட்பதால் உண்டாவது. இதற்குப் புதுமை வேண்டியதில்லை. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில் ஒன்பது கேள்விகளைப் பெற்றுப் போடும். ஊர் சுற்றிச் சலித்தவனிடத்தில் தீர்ந்துபோனது முதல் தினுசுதான். இரண்டாவதை அவன் தொடங்கவேயில்லை.

டார்வின் தொடங்கினார். அதுவும் எங்கே? 1842-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கெண்ட் ஜில்லாவில் டவுன் என்ற சிறு கிராமத்தில் குடியேறினார். 1882-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி இறக்கும் வரை, நாற்பது வருஷ காலம் அதே வீடு. உலகம் சுற்றிய அந்த மனிதர் அதன்பின் பிரிட்டனை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவேயில்லை. தேகமும் ஓயாத நோய்க்கு ஆளாகியிருந்தது. தோட்டத்து ஓரமாக மணல் போட்ட ஒரு பாதையில் தினந்தோறும் சுற்றிச் சுற்றி நடப்பார். அவ்வளவுதான் அவருடைய யாத்திரை. அந்த வீட்டில் அவர் எதைக் கண்டு அதிசயப்பட்டார் தெரியுமா? நம் உழவர்கள் மண்வெட்டியால் தினமும் வெட்டித் தள்ளுகிறார்களே, அந்த மண்புழுவைக் கண்டுதான்.

கப்பலை விட்டு இறங்கிய மறுவருஷம், வயலில் எப்போதோ தூவிய சாம்பலும் சுண்ணாம்பும் சில அங்குலம் மண்ணுக்கடியில் போய்விட்டிருப்பதை அவருடைய மாமன் காட்டினார். இது மண்புழுவின் வேலையாயிருக்குமோ என்று கேள்வி எழுந்தது. டவுன் கிராமத்திற்கு வந்த 1842-ம் வருஷம் டிசம்பர் மாதத்திலேயே ஒரு வயலின் ஒரு பகுதியில் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பச் செய்தார். எப்போது தோண்டிப் பார்த்தார்? 1871-ம் வருஷம் நவம்பரில்! 29 வருஷம் காத்திருந்து தோண்டினால், வெள்ளைக் கோடு போட்டதுபோல் சுண்ணாம்பு 7 அங்குல ஆழத்தில் கிடந்தது. புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கழித்துக் கழித்து, வயலையே மெல்ல மெல்லப் புரட்டியிருக்கின்றன.

பிறகு அறைக்குள்ளேயே மண்சட்டிகளில் புழுக்களை வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமா என்று பார்க்க ஊதலை ஊதினார், மகன் பெரிய குழல் வாத்தியத்தை வாசித்தார், பியானோவும் முழங்கிற்று. புழுக்கள் அசையவில்லை. ஆனால் சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு ஸ்வரத்தைத் தட்டியதும், அதிர்ச்சியை உணர்ந்து வளைக்குள் ஓடி ஒளிந்தன. இலையை வளைக்குள் இழுக்கும்போது சுலபமான முனையைத் தெரிந்தெடுக்கின்றனவா என்று அறிய, காகிதத்தை முக்கோணங்களாக வெட்டிக் கொழுப்புத் தடவிப் போட்டார். 303 முக்கோணங்களை எண்ணிப் பார்த்தார். நூற்றுக்கு 62 கூர்முனையால் இழுக்கப்பட்டிருந்தன. 1877-ம் வருஷம், 68 வயதில், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்திற்குப் போனார். ஊரெல்லாம் கல்லை அண்ணாந்து பார்த்தது; அவரோ விழுந்து கிடந்த கல்லைப் புழுக்கள் எவ்வளவு புதைத்திருக்கின்றன என்று குனிந்து பார்த்தார்.

இவற்றையெல்லாம் 1881-ம் வருஷம், சாவதற்கு ஆறு மாதம் முன்னால், புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பாகங்களில் ஏக்கர் ஒன்றுக்கு வருஷத்தில் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் வயிற்று வழியாக மேலே வருகிறது என்று அதில் கணக்குக் காட்டினார். மனிதன் ஏர் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ காலத்திற்கு முன்பே நிலத்தை உழுது வந்தது இந்தப் புழுதான் என்றார். ஆமையும் அடர்ந்த காடும் பார்த்த கண், கடைசியில் சட்டி மண்ணில் அதிசயம் கண்டது.

இதற்கு எதிரிகள் ஓர் ஆட்சேபணை சொல்லக்கூடும். 30 வயது வரையில் தமக்குக் கவிதையிலும் சங்கீதத்திலும் இருந்த ருசி பிற்காலத்தில் அடியோடு போய்விட்டது என்று டார்வினே 1876-ல் தம் சரித்திரத்தில் எழுதி வருந்தியிருக்கிறாரே, காரணம் கேட்டதன் பலன் இதுதானே என்பார்கள். மறைக்க வேண்டியதில்லை, எழுதியிருப்பது வாஸ்தவம்தான். ஆனால் காரணமும் அவரே சொல்லியிருக்கிறார். வாரத்திற்கு ஒரு தடவையாவது கவிதை படித்து, சங்கீதம் கேட்டு வந்திருந்தால் அந்தச் சக்தி அழியாதிருந்திருக்கலாம் என்கிறார். அதாவது, பழகாத பக்கம் மரத்துப்போயிற்று. பழகின பக்கம் சாகும் வரை தளிர்த்தது. கட்டிப்போட்ட கை சூம்புவதற்கு மற்றக் கை செய்த வேலையா காரணம்?

ஆகவே, தோழர்களே! பிரயாணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தீவுக்குத் தீவு ஒப்பிட்டுப் பார்க்கக் கப்பல் ஏறியிராவிட்டால் டார்வினுக்கும் அந்தக் கேள்வி பிறந்திராது. வசதியுள்ளவர்கள் தாராளமாகப் போய் வரட்டும். ஆனால் போய் வந்ததாலேயே ஒருவனுக்குப் பெருமையும் இல்லை. போக முடியாததாலேயே ஒருவனுக்கு இழிவும் இல்லை. டார்வினுடைய கப்பல் பிரயாணச் செலவைத் தாங்கப் பணக்கார வைத்தியரான தகப்பனார் இருந்தார். அது எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் மண்புழுவும், ஒரு சட்டியும், நாலு காகிதத் துண்டும் யாருக்குத்தான் கிடைக்காது?

பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனோம் என்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்குவதற்கு முன், உங்கள் வாசலில் நாள்தோறும் நடக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எறும்பாகட்டும், முருங்கையாகட்டும், மழைக்கு மறுநாள் வரப்பில் குவிந்திருக்கும் புழு மண்ணாகட்டும். ஏன் என்று கேளுங்கள். அளந்து பாருங்கள், எண்ணிப் பாருங்கள், குறித்து வையுங்கள். யார் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல் நீங்களே சோதியுங்கள். 29 வருஷம் வேண்டாம். 29 நாள் செய்து பாருங்கள். பிறகு சொல்லுங்கள், உலகம் வறண்டதா, நீங்கள் கேட்பதை நிறுத்தியிருந்தீர்களா என்று.