5 பேர்ச் காணியும் 60 நாள் அவகாசமும்

கட்டட அனுமதி, வாகனத் தரிப்பிடம், வலயப் பிரிப்பு என்று பேச்சு வந்தால், அது பொறியியலாளர்களுக்கும் பெரிய முதலாளிமாருக்கும் உரிய விடயம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் புதுக்கடையிலும் வாழைத்தோட்டத்திலும் ஒரு தகப்பன் மௌத்தானதும் பிள்ளைகளுக்குள் எழும் காணிப் பிரச்சினையின் பாதி இந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. அச்சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதையும் கட்ட முடியாது. சிறிய கட்டடங்களுக்கான அனுமதியை, அந்தச் சபை ஒப்படைத்த அதிகாரத்தைக் கொண்டு மாநகர சபை வழங்குகிறது. எந்த வலயத்தில் எவ்வளவு உயரம், எத்தனை வாகனங்களுக்கு இடம் என்பதை அபிவிருத்தித் திட்டமும், 2021 ஜூலையில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகளும் தீர்மானிக்கின்றன.

இந்த ஒழுங்குவிதிகளின்படி, காணியொன்றைப் புதிதாகப் பிரிக்கும்போது ஒரு துண்டு பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது சுமார் 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. மறுபக்கத்தில், மரணசாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த மத்ஹபின் வாரிசுரிமை விதிகளுக்கு அமையப் பிரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காணி 5 பேர்ச். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார். மனைவிக்கு எட்டில் ஒன்று. அது அரைப் பேர்ச்சுக்குச் சற்று மேல். மகனுக்கு 2 பேர்ச்சுக்குக் கொஞ்சம் கூட. மகள்மாருக்கு ஆளுக்கு ஏறத்தாழ 1 பேர்ச். மார்க்கமும் நாட்டுச் சட்டமும் பங்கைக் கொடுத்துவிட்டன. ஆனால் அந்தப் பங்கைத் தனித் துண்டாக அளந்து வரைபடமாக்க நகரத் திட்டமிடல் விதி இடம் தராது. நால்வரும் பிரிக்கப்படாத பங்குக்காரர்களாகவே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே நம் குடும்பங்கள் மேல்நோக்கிக் கட்டுகின்றன. கீழே உம்மா, முதல் மாடியில் மூத்தவர், அதற்கு மேலே இளையவர். 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாடியையும் தனித்தனி உறுதியாகப் பதிவுசெய்ய வழி இருக்கிறது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். அனுமதி இல்லாமல் எழும்பிய மாடிக்கு அவை கிடைப்பதில்லை. வங்கிக் கடனும் கிடைப்பதில்லை. நாளை காணி சுவீகரிக்கப்பட்டால் அந்த மாடிக்கு நட்டஈடு கேட்பதும் கடினமாகிவிடும்.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017 மே மாதம் வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டடம் ஒன்று சரிந்ததும், 2018 பெப்ரவரியில் கிராண்ட்பாஸ் பாபாபுள்ளே பிளேஸில் பழைய கட்டடம் இடிந்து 7 பேர் உயிரிழந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. உறுதியான கட்டடம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஆனால் 2 பேர்ச் வீட்டுக்காரர் கடைப்பிடிக்க வழியே இல்லாத விதி பாதுகாப்பைத் தராது. அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

வாகனத் தரிப்பிடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டடத்துக்குத் தேவையான தரிப்பிடத்தைத் தன் காணிக்குள் ஒதுக்க முடியாதவர், அதற்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் செலுத்த ஏற்பாடு இருக்கிறது. பணம் கட்டுபவரின் சிக்கல் அத்தோடு தீர்ந்துவிடும். வாகனம் வீதிக்கு வந்துவிடும். புதுக்கடையில் பகல் முழுக்க நீதிமன்றங்களுக்கு வரும் வாகனங்கள். இரவானால் அப்துல் ஹமீது வீதியின் சாப்பாட்டுக் கடைகளுக்கு வரும் வாகனங்கள். உள் ஒழுங்கைகளில் ஓர் அம்பியூலன்ஸ் திரும்புவதே பெரும்பாடு. அறவிடப்படும் கட்டணம் எங்கே போகிறது, அதைக் கொண்டு இந்தப் பிரதேசத்தில் எத்தனை தரிப்பிடங்கள் கட்டப்பட்டன என்று கேட்கும் உரிமை இங்கே குடியிருப்பவர்களுக்கு உண்டு.

திட்டமிடும் நேரத்தில் நாம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. உறுதி வைத்திருந்தவர்களுக்கும் அது பாதுகாப்பாக அமையவில்லை. கொழும்பில் 1,499 குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் வசதி குறைந்த நிலையில் வாழ்வதாக அதிகார சபையே கணக்கிட்டது. அடுத்து வந்த மீள்குடியேற்றத்தில், எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு தொடர்மாடி வீடு என்பதே பெரும்பாலும் கணக்காக இருந்தது. மூன்று மாடியில் மூன்று குடும்பமாக வாழ்ந்தவர்களுக்கு 400 சொச்சம் சதுர அடி வீடு ஒன்று எப்படிப் போதும்? பதிவில் இல்லாத மாடி, கணக்கிலும் இல்லாமல் போகிறது.

சட்டத்தில் நமக்கு ஒரு வாசல் இருக்கிறது. அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு 60 நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்த நாட்களில் எவரும் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். இடிக்கும் இயந்திரம் வந்த பின்னர் நூறு பேர் திரண்டு நிற்பதைவிட, அந்த 60 நாட்களுக்குள் பத்துப் பேர் கடிதம் கொடுப்பது பெறுமதியானது.

2023 மார்ச் முதல் இரண்டு வருடங்களுக்கும் மேலாகக் கொழும்பு மாநகர சபையில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கவில்லை. 2025 மே தேர்தலுக்குப் பிறகு 117 பேர் கொண்ட சபை மீண்டும் வந்திருக்கிறது. வாக்குக் கேட்டு வந்த நம் வட்டார உறுப்பினரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், மூன்று விடயங்களைக் கேட்போம். ஒன்று, பெரிய கட்டடங்களுக்கு வழங்கப்படும் அனுமதிகளும் விதிவிலக்குகளும் மூன்று மொழிகளிலும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். இரண்டு, தரிப்பிடக் கட்டணம் அறவிடப்பட்ட பிரதேசத்திலேயே செலவிடப்பட வேண்டும். மூன்று, ஏற்கெனவே மாடி மாடியாகக் குடியிருக்கும் சிறு காணிக் குடும்பங்களின் கட்டட உறுதியைப் பரிசோதித்து, பாதுகாப்பானவற்றை முறைப்படுத்த அதிகார சபையோடு பேச வேண்டும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுக்கலாம்.

நம் பங்கும் இருக்கிறது. ஜும்ஆ நேரத்தில் அடுத்தவர் வாசலை மறித்து வாகனத்தை நிறுத்திவிட்டு, மாநகர சபையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதைக்கூட ஈமானோடு சேர்த்துப் பேசும் மார்க்கம் நம்முடையது. பள்ளிவாசல் நிர்வாகங்கள் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, ஜமாஅத்தவர்களின் உறுதி, வரைபடம், வாரிசுப் பத்திரங்களைச் சரிபார்க்க உதவினால் பல குடும்பங்களின் எதிர்காலம் காப்பாற்றப்படும்.

நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வழக்குக்காக ஆட்கள் வரும் இடம் புதுக்கடை. தடுக்கி விழுந்தால் ஒரு சட்டத்தரணியின் அலுவலகம். அந்த அலுவலகங்களுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைகளில், தான் படுத்துறங்கும் மாடிக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் மக்கள் வாழ்கிறார்கள். இந்த ஊரின் சட்டத்தரணிகளில் நான்கு பேர் முன்வந்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.