அயல் வீட்டு மரணம்: நாமும் அறியோம், அவர்களும் அறியார்

என்னோடு கற்பிக்கும் சிங்கள ஆசிரியை ஒருவரின் தாயார் அண்மையில் காலமானார். வீதி நெடுக வெள்ளைக் கொடிகள். வந்த ஹாமுதுருமாருக்கு வெள்ளைத் துணி கொடுத்தார்கள். பிறகு குடும்பத்தார் பாயில் அமர்ந்து, கோப்பையொன்றில் மெதுவாக நீர் வார்த்தார்கள். அது நிரம்பித் தட்டில் வழியும் வரை பிரித் ஓதப்பட்டது. நான் சற்றுத் தள்ளி மௌனமாக நின்றேன்.

உயிரோடிருப்போர் செய்யும் நற்கருமத்தின் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பிப்பதே அந்த நீர் வார்ப்பின் பொருள். ஏழாம் நாளும், மூன்று மாதத்திலும், ஆண்டு நிறைவிலும் கொடுக்கும் தானமும் அதற்காகத்தான். (நம்மிடையே நாற்பதாம் கத்தம் பற்றிய சண்டையை இங்கே இழுக்கவில்லை.) உடலைப் புதைப்பதும் எரிப்பதும் அவர்களிடம் இரண்டுமே வழக்கில் உண்டு.

இதை அறியாததால்தான் 2020இல் நான் தடுமாறினேன். கொவிட் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்ட நாட்களில், "புதைத்தால் என்ன, எரித்தால் என்ன சேர்?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். அவரிடம் குரோதம் இருக்கவில்லை. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அடக்குவது சமூகத்தின் மீதுள்ள கடமை என்று விளக்க, கலாசாலையில் படித்த என் சிங்களம் போதவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் இரண்டையும் அனுமதித்திருந்தும் எரித்தே தீருவோம் என்றவர்களின் இனவாதத்தை அறியாமை என்று சொல்லி மன்னிக்க முடியாது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது, ஓட்டமாவடியில் அடக்கினோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஆனால் சாதாரண சிங்கள மக்களில் பலர் மௌனமாக இருந்ததற்கு அறியாமையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த அறியாமையைப் பாடசாலைதான் வளர்க்கிறது. சமய பாடத்துக்கு மணியடித்ததும் பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். தரம் 1 முதல் சாதாரண தரம் வரை பதினொரு வருடங்கள் அவரவர் சமயம் மட்டுமே. கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் இந்நாட்களில், இரண்டாம் மொழிப் பாடத்திலாவது அயலவரின் மரண வீட்டைப் பற்றி ஓர் அலகு சேர்க்கலாம். இரு தரப்பிலும் எதிர்ப்பு வரும். "அகீதாவுக்கு ஆபத்து" என்பார்கள் நம்மவர்கள். அறிவது வேறு, பங்கேற்பது வேறு என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட இலகுவாகப் புரிந்துகொள்வார்கள்.

மூன்று மாத தானத்துக்கு அந்த ஆசிரியை அழைத்திருக்கிறார். ஜனாஸாத் தொழுகையில் என்ன ஓதுவீர்கள் என்றும் கேட்டார். இம்முறை சிங்களத்தில் எழுதியே வைத்திருக்கிறேன்.