பயிற்சிக்கும் கணக்குக் காட்டட்டும்

காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளத்தில் நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தால் முதலில் உத்திரமேரூர் அல்லது காஞ்சிபுரம் அரசு மருத்துவமனை. அங்கே முடியாவிட்டால் 108 வண்டி செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகும். பெரிய ஆஸ்பத்திரியில் அந்நேரம் குழந்தையை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் பட்டமேற்படிப்பு மாணவர்தான். மூன்றாண்டு எம்.டி. குழந்தை மருத்துவப் பயிற்சியில் அவர் எங்கே, யாரிடம், எப்படிக் கற்றார் என்பது நம் வீட்டுக் கவலையும்தான்.

முதுநிலை நீட் கலந்தாய்வில் இளம் மருத்துவர்கள் கல்லூரியின் பெயரையும் உதவித்தொகையையும் ஊர்த் தொலைவையும் பார்த்தே வரிசை போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு தகவல் கைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் கேட்க வேண்டியவை வேறு. இரவில் உதவிப் பேராசிரியர் வார்டுக்கு வருவாரா, போனில் மட்டும் சொல்வாரா? பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை மாதம் போஸ்டிங்? குறைமாதத்தில் பிறந்து வீடு திரும்பிய குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்கும் கிளினிக் உண்டா? இறந்த குழந்தைகளின் கேஸ்களை ஒளிவுமறைவின்றிக் கூடிப் பேசுகிறார்களா? இவற்றைத் துறைத் தலைவரிடம் மட்டும் கேட்டால் போதாது. நேற்றிரவு டூட்டி பார்த்த முதலாண்டு மாணவரிடம் தனியே கேட்க வேண்டும்.

டூட்டி நேரத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். குழந்தை மருத்துவத்தில் பெரும்பாலான மருந்துகள் எடைக் கணக்கு. மூன்று கிலோ சிசுவுக்கும் முப்பது கிலோ சிறுவனுக்கும் அளவு பத்து மடங்கு வேறுபடும்; ஒரு புள்ளி இடம் மாறினாலும் அதே பத்து மடங்கு பிழைதான். முந்தைய நாள் காலையிலிருந்து உறங்காதவர் அந்தப் புள்ளியை வைக்கிறார் என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பயிற்சி மருத்துவர்களுக்குச் சாதாரணமாக ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறையும் நியாயமான வேலை நேரத்தையும் வார விடுப்பையும் வலியுறுத்துகிறது. விதி இருக்கிறது, டூட்டி சார்ட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கிராமத்து நோய்களைக் கற்பிக்கிறார்களா என்பதும் முக்கியம். தேள் கடித்த குழந்தையின் உயிரைக் காக்கப் பிரசோசின் மருந்து உதவும் என்பதை 1980-களில் உலகுக்கு எடுத்துக்காட்டிய ஹிம்மத்ராவ் பாவஸ்கர், மகாராஷ்டிரத்தின் மகாட் வட்டாரத்துக் கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர். இன்று மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சி எல்லா முதுநிலை மாணவர்களுக்கும் கட்டாயம். அந்த மாதங்களில் உண்மையாகவே வழிகாட்ட ஆள் உண்டா, வருகைப் பதிவோடு முடிந்துவிடுகிறதா என்பதை விசாரிக்க வேண்டும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைத் தேர்தலுக்கான குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது. அந்த மண்ணிலிருந்து இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் தன் குழந்தை மருத்துவத் துறையின் படுக்கைகள், வெண்டிலேட்டர்கள், நிரப்பப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள், டூட்டி நேரம், இடையில் விலகிய மாணவர்கள் ஆகிய விவரங்களைக் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும். மருத்துவக் கல்வி இயக்ககம் அதைக் கட்டாயமாக்கலாம். சீனியர்கள் தம்பி தங்கைகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவரைத் தேர்வில் பழிவாங்க மாட்டோம் என்ற உறுதியைப் பேராசிரியர்கள் தர வேண்டும்.

நமக்கும் பங்கு உண்டு. மாணவ மருத்துவர் என்று தெரிந்ததும் முகம் சுளிப்பதையும், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வார்டில் கையோங்குவதையும் நாம் விட்டுவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நோயாளர் நலச் சங்கங்களில் இடம்பெற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, அடுத்த கூட்டத்தில் கட்டடம், குடிநீர் பற்றிப் பேசிய கையோடு, இரவு டூட்டியில் குழந்தை மருத்துவர்கள் எத்தனை பேர், அவர்கள் படுக்க ஓர் அறையாவது உண்டா என்றும் கேளுங்கள்.