திரையில்லாக் கமராவும் நம் கண்களும்

நமது கல்லூரியின் பழைய மலரொன்றைக் கையிலெடுக்கும் எவரும் முதலிற் புரட்டிப் பார்ப்பது கட்டுரைப் பக்கங்களை அன்று. குழுப் படங்களையே என்பது தமிழாசிரியனாகிய யானும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மையாகும். "இருப்பவர்கள், இடமிருந்து வலம்" என்று தொடங்கி, நிற்பவர்களின் வரிசைகளை முறையே கூறி, "சமுகமளியாதோர்" என்று முடியும் அந்தச் சிற்றெழுத்துக்களின் மேல் விரலை ஓட்டித் தம் தந்தையாரையோ மாமனாரையோ, சிலவேளைகளில் தம்மையேயோ கண்டுபிடித்து மகிழாத பழைய மாணவர் இலர். அத்தகைய படமொன்றுக்காகச் செலவானவை ஒன்றிரண்டு தகடுகளே. எடுத்த படம் எவ்வாறு விழுந்ததென்பது, எடுத்தவருக்கும் அன்று தெரியாது.

அண்மையில் ஒரு பரிசளிப்பு விழாவிலே மேடையின் ஓரமாக நின்றிருந்தேன். சிறுமி ஒருத்தி வரவேற்பு நடனம் ஆடினாள். முன்வரிசையில் இருந்த தாயார் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, அதன் திரையிலே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தது. பிள்ளை அவையை நோக்கித் தாயின் முகத்தைத் தேடினாள். தாயாரோ குனிந்து, படம் சரியாக விழுந்திருக்கின்றதா என ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. அவ்வேளை என் கையிலும் ஒரு தொலைபேசி இருந்தது.

இந்நிகழ்ச்சியின் பின்னரே, திரையில்லாத எண்மக் கமராக்களைப் பற்றி நான் படித்தவை வேறொரு பொருளில் விளங்கத் தொடங்கின. ஜேர்மனி நாட்டு லைக்கா நிறுவனம், தனது எம் வரிசைக் கமராவின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2014 ஆம் ஆண்டில், பின்புறத்தில் திரையே இல்லாத கமரா ஒன்றை 600 மாத்திரம் செய்து விற்றது. திரை இருக்க வேண்டிய இடத்தில், ஒளியுணர்திறனை மாற்றும் வட்டமான திருகி ஒன்றே காணப்பட்டது. விழாக்கால வேடிக்கை என்று பலரும் நகைத்தனர். ஆயினும் 2016 இலும், 2018 இலும், மீண்டும் 2024 இலும் அதே நிறுவனம் திரையற்ற கமராக்களை வெளியிட்டது. வாங்குவோர் இன்றி எவரும் ஒரே பண்டத்தை நான்குமுறை செய்யார்.

இவையாவும் றேஞ்ச்பைண்டர் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. இதன் இயக்கம் அறியத்தக்கது. கமராவின் முகப்பில், சிறிது இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள் உண்டு. இரண்டினூடாகவும் வரும் காட்சி, நாம் கண் வைக்கும் துளையின் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டையாய்த் தோன்றும். வில்லையைத் திருப்பத் திருப்ப அவ்விரு சாயல்களும் நெருங்கிவந்து ஒன்றாகும். ஒன்றான அக்கணத்திலே குவியம் சரியாகிவிட்டது என்று பொருள். நம் இரு கண்களும் தூரத்தை மதிப்பிடும் வகையை ஒத்ததே இது. இன்னொரு சிறப்பும் உண்டு. படத்தில் அடங்கும் பகுதி, அத்துளையினுள்ளே ஒளிக்கோடுகளாற் சட்டமிட்டுக் காட்டப்படும். சட்டத்துக்கு வெளியே நிற்பவரும் நம் கண்ணுக்குத் தெரிவர். எவரை உள்ளே சேர்த்தோம், எவரை வெளியே விட்டோம் என்பதைப் படமெடுப்பவன் அறிந்தே செய்கின்றான்.

1954 இல் வந்த எம் 3 என்னும் கமராவிலும் இதே முறைதான். பிரெஞ்சுப் படக்கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன் லைக்காவையே தம் வாழ்நாட் கருவியாகக் கொண்டவர். 1948 சனவரியில் காந்தியடிகளின் இறுதி நாட்களையும், 1950 ஏப்ரிலில் இரமண மகரிஷியின் இறுதி நாட்களையும் படமாக்கியவர் அவர். எடுத்த சுருள்களை நெடுந்தொலைவுக்கு அனுப்பிவிட்டு, தாம் எடுத்ததைத் தாமே காணாமல் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவார். திருவண்ணாமலையில் அவர் கையில் ஒரு திரை இருந்திருக்குமாயின், மகரிஷியை நோக்கிய நேரத்தில் எவ்வளவு குறைந்திருக்கும் என எண்ணிப் பார்த்ததுண்டு.

தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த உறுப்புக்களுள் நோக்கு என்பதும் ஒன்று. கேட்டோர் கடந்துபோகாது நின்று, மீண்டும் மீண்டும் திரும்பிப் பார்க்கச் செய்யும் அமைப்பே நோக்கு என்பர் உரைகாரர். வகுப்பிலே இதனை விளக்க ஒவ்வோராண்டும் இடர்ப்படுவேன். காண்டல் வேறு, நோக்கல் வேறு என்று கரும்பலகையில் எழுதுவேன், மாணவர் குறித்துக்கொள்வர், பரீட்சையோடு மறப்பர். திரையில்லாக் கமரா இந்த வேறுபாட்டை ஒரு சொல்லும் இன்றிக் கற்பித்துவிடும் போலும். எடுத்த படத்தைப் பார்க்க வழியில்லையாதலின், கண்ணுக்கு எதிரே உள்ள ஆளைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நிற்க. இக்கருவியின் புகழைப் பாடுவோர் மறைக்கின்ற செய்திகளும் சில உண்டு. 2024 இல் வந்த கமரா, வில்லை நீங்கலாகவே, ஒன்பதாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் விலை பெற்றது. என்போன்ற ஆசிரியர் ஒருவர் மூன்றாண்டுச் சம்பளத்தை ஒருசேரக் கொடுத்தாலும் போதுமோ என்பது ஐயம். இல்லாத திரைக்கு இத்துணை விலையா என்று கேட்பது நியாயமே. அன்றியும், 2018 ஆம் ஆண்டுக் கமராவை மின்னலைத் தொடர்பினாற் கைத்தொலைபேசியோடு இணைத்து, எடுத்த படங்களை அதன் திரையிற் பார்க்க இயலும். முன்வாசலால் வெளியேற்றப்பட்ட திரை, கோடிப்புறத்தால் வீட்டுக்குள் வந்துவிட்டது! அக்கமராவிலே, பழைய காலத்திற் சுருளை நகர்த்திய நெம்புகோலைப் போன்ற பெருவிரற் தாங்கி ஒன்றும் உண்டு. இழுத்தால் வெளியே வரும், ஆனால் உள்ளே நகருவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இத்தகைய பாவனைகள் செல்வர்க்கு உரியவை.

இவற்றினும் பெரிய தடை ஒன்று என் உள்ளத்தில் உண்டு. நான் செட்டிகுளத்தான். 2009 ஆம் ஆண்டில் எமது பிரதேசத்து மெனிக்பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். 2012 செப்ரெம்பரிலேயே அது மூடப்பட்டது. அங்கு வந்தவருட் பலர் உடுத்த உடையோடு வந்தவர். கலியாண அல்பமும், பிள்ளைகளின் முதற் பிறந்தநாட் படமும், பள்ளிக்கூடக் குழுப் படமும் பதுங்கு குழிகளிலும் நந்திக்கடல் ஓரத்திலும் போயின. பின்னர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரம் அமர்ந்தபோது, அன்னையர் கைகளில் இருந்தவை எவை? அடையாள அட்டைக்கென ஸ்ரூடியோவில் எடுத்த சிறு படத்தையோ, யாரோ ஒரு உறவினர் வீட்டு விழாவில் ஓரத்தில் நின்ற முகத்தையோ வெட்டிப் பெருப்பித்தவை அவற்றுட் பல. அத்தகைய அன்னை ஒருவரிடம், குறைவாக எடுங்கள், உடனே பாராதீர்கள் என்று எவ்வாறு சொல்வது? இன்னும் நான்கு படங்கள் இருந்திருக்கக்கூடாதா என்றல்லவா அவர் ஏங்குவார்!

சுருட் காலத்தை யான் பொற்காலமாகக் கருதவும் இல்லை. எனது இளமையில், எம் வீட்டு மங்கல நிகழ்ச்சி ஒன்றைப் படமெடுக்க வந்தவருடைய கமராவிற் சுருள் பல்லிற் கொளுவாமல் இருந்துவிட்டது. முப்பத்தாறு முறை அழுத்தினார், ஒன்றும் விழவில்லை. அந்நிகழ்ச்சியில் அப்பம்மா கடைசியாகப் பட்டுச்சேலை உடுத்திருந்தார். சிறுதிரை ஒன்று இருந்திருப்பின் முதற் படத்திலேயே குறை தெரிந்திருக்கும்.

எனினும் என் கருத்து மாறவில்லை. அதற்குக் காரணமும் அவ்வன்னையர் கைகளில் இருந்த படங்களேயாம். அவை தப்பியது எண்ணிக்கையினால் அன்று. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தாளாகப் போய், வேறொரு வீட்டிலே, வேறொரு ஊரிலே, சிலவேளை கடல் கடந்தும் இருந்தமையினாலேயே. இன்று ஆயிரக்கணக்கில் எடுக்கின்றோம். திரையில் ஒருமுறை பார்த்ததும் அப்படத்தின் பணி முடிந்துவிடுகின்றது. தாளில் அச்சிடுவார் அரியர். பெயர் எழுதி வைப்பார் அவரினும் அரியர். தொலைபேசி தண்ணீரில் வீழ்ந்தால் நான்காண்டு வாழ்க்கை அதனோடு போய்விடும். உடனே பார்க்க முடிந்தமையாற் பின்னர் பார்க்கவேண்டும் என்ற ஆவலை இழந்தோம். ஆவல் இன்மையாற் பேணுதலையும் விட்டோம்.

ஆதலின், மலர்க் குழுவினருக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். லைக்கா வேண்டாம். கல்லூரியில் உள்ள கமராக்களுள் இரண்டை எடுத்து, அவற்றின் திரைமேற் கறுப்பு நாடாவை ஒட்டி, உயர்தர வகுப்பு மாணவரிடம் கொடுங்கள். ஒருவருக்கு முப்பத்தாறு படங்கள், கூடாது. விழா நாட்களில் அவர்கள் எடுப்பதை ஒரு கிழமை கழித்தே திறக்கவேண்டும். பத்துப் படங்களைத் தேர்ந்து, நல்ல தாளில் மும்மூன்று பிரதிகள் அச்சிட்டு, ஒன்றைக் கல்லூரி நூலகத்திலும், ஒன்றைக் கொழும்புக் கிளையிலும், ஒன்றைக் கடல் கடந்த கிளையொன்றிலும் வைக்கவேண்டும். சில படங்கள் பழுதாகும், பழுதாகட்டும். பெருங் குழுப் படத்தை மட்டும் வழமைபோலத் திரையுள்ள கமராவினாலேயே எடுங்கள், அப்பம்மாவின் சேலை எனக்கு இன்னும் நினைவிருக்கின்றது.

ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர்கள் இடமிருந்து வலமாக, முதலெழுத்துக்களோடு எழுதப்படல் வேண்டும். ஊழியர் அறையிற் பெயர் தெரியாத முகம் இருப்பின், சிற்றுண்டிச்சாலையிற் கேட்டால் தெரியும். அன்று வர இயலாதவர்களின் பெயர்களையும், பழைய வழக்கப்படியே, இறுதி வரியிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.